நெல்லின் பச்சையை அளந்து உரம் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்டா பக்கம் விவசாயிகள் கூட்டங்களிலும், வேளாண்மை படிக்கும் பிள்ளைகளோடு பேசும்போதும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டுவிட்டேன். பெரும்பாலும் நெல்லைப் பற்றியும் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனைப் பற்றியும்தான் பேச்சு. கோதுமை, மக்காச்சோளம், மற்ற சத்துக்கள் எல்லாம் பின்னால் வருகின்றன.

1. நிறமாலை உணரின்னு சொல்றீங்களே, அது வயல்ல என்னதான் செய்யுது?

வெயில் இலைமேல் விழும்போது ஒரு பகுதியை இலை உறிஞ்சிக்கொள்கிறது, ஒரு பகுதி ஊடுருவிப் போகிறது, மீதி திரும்பி வருகிறது. எந்த நிறத்தில் எவ்வளவு திரும்பியது, எவ்வளவு ஊடுருவியது என்று தனித்தனியாக அளப்பதுதான் இந்தக் கருவிகளின் வேலை. பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் விழுங்கிவிடும். சிவப்பில் 660 முதல் 680 நானோமீட்டர் வரையிலான ஒளி, நல்ல இலையிலிருந்து மிகக் கொஞ்சமே திரும்பும். 550 நானோமீட்டர் பக்கம் இருக்கும் பச்சை ஒளி சற்றுக் கூடுதலாகத் திரும்புவதால் இலை நமக்குப் பச்சையாகத் தெரிகிறது.

கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை இலை உறிஞ்சுவதே இல்லை எனலாம். அதில் ஏறத்தாழ பாதி திரும்பி வந்துவிடும். இதற்குக் காரணம் பச்சையம் இல்லை, இலைக்குள் இருக்கும் செல்களும் அவற்றுக்கு இடையிலுள்ள காற்றறைகளும்தான். ஆக, சிவப்பு ஒளி பச்சையத்தைப் பற்றிச் சொல்கிறது, அகச்சிவப்பு இலைப்பரப்பு எவ்வளவு என்று சொல்கிறது. இலை வண்ண அட்டையும் ஃபோன் கேமராவும் தவிர, கீழே வரும் கருவிகள் எல்லாமே இந்த இரண்டையும் ஏதோ ஒரு விதத்தில் ஒப்பிடுபவைதான்.

2. பச்சையா இருந்தா தழைச்சத்து இருக்குன்னு எப்படிச் சொல்றது? ரெண்டும் ஒண்ணா?

ஒன்றல்ல, ஆனால் சேர்ந்தே ஏறி இறங்குபவை. பச்சைய மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு நைட்ரஜன் அணுக்கள் உண்டு. அப்படியிருந்தும் இலையிலுள்ள மொத்த நைட்ரஜனில் பச்சையத்தின் பங்கு மிகச் சிறியது. பெரும்பங்கு பசுங்கணிகத்துக்குள் இருக்கும் புரதங்களில், முக்கியமாக ஒளிச்சேர்க்கையை நடத்தும் ரூபிஸ்கோ என்ற நொதியில் இருக்கிறது. தழைச்சத்து கிடைக்காத பயிர் இந்தப் புரதத்தையும் பச்சையத்தையும் சேர்த்தே குறைத்துக்கொள்வதால், பச்சையத்தை வைத்து மற்றதை ஊகிக்க முடிகிறது.

கருவி அளப்பது பச்சையை. சத்தை நாம் அதிலிருந்து ஊகிக்கிறோம். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

3. முப்பது வருஷமா நெல்லு போடறேன். என் கண்ணுக்குத் தெரியாததா கருவிக்குத் தெரியப்போகுது?

உங்கள் கண் பார்க்கும் பல விஷயங்களை எந்தக் கருவியும் பார்க்காது. புழு இருக்கிறதா, தண்ணீர் தேங்குகிறதா, நாற்று முற்றிப்போய் நட்டதா என்பதெல்லாம் அனுபவம் சொல்பவை. ஆனால் ஒரு பச்சையை மற்றொரு பச்சையோடு நினைவில் வைத்து ஒப்பிடுவதில் மனிதக் கண் பலவீனமானது. காலை வெயிலில் பார்த்த வயலும் உச்சி வெயிலில் பார்த்த வயலும் வேறு வேறாகத் தெரியும். போன வாரம் இருந்த பச்சை இதுதானா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதோடு, கண்ணுக்கு நன்றாக வெளுப்புத் தெரியும் நேரத்தில் தூர் எண்ணிக்கை குறைந்து, விளைச்சலில் ஒரு பகுதி ஏற்கெனவே போயிருக்கும்.

பக்கத்து வயலைப் பார்த்து, நம்முடையது கொஞ்சம் வெளுப்பாக இருக்கிறதே என்று யூரியா போடுவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கிறது. பக்கத்து வயலில் தேவைக்கு மேல் போட்டிருந்தால்? இந்த ஒப்பீட்டைச் சரியான அளவுகோலோடு செய்யத்தான் கருவி.

4. இலை வண்ண அட்டையை எப்படிப் பிடிச்சுப் பாக்கணும்? எனக்குக் கொடுத்தாங்க, சும்மா வெச்சிருக்கேன்.

எடுத்து வெளியே வையுங்கள், நல்ல பொருள் அது. ஜப்பானில் தோன்றிய யோசனை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதை வெப்பமண்டல நெல்லுக்கு ஏற்றபடி செப்பனிட்டது. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டைகள் இருக்கும், இலையின் நரம்பு போல வரிகளும் போட்டிருப்பார்கள். மின்கலம் இல்லாத நிறமாலை உணரி என்றே இதைச் சொல்வேன். உணரும் வேலையைக் கண் செய்கிறது, அளவுகோலை அட்டை தருகிறது.

நட்ட 14-ஆம் நாளிலிருந்து, நேரடி விதைப்பு என்றால் விதைத்த 21-ஆம் நாளிலிருந்து, கதிர் வெளிவரும் வரை வாரம் ஒரு முறை பாருங்கள். காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில், அதே ஆள் பார்ப்பது நல்லது. பூச்சி, நோய் இல்லாத 10 குத்துகளை வயல் முழுக்கப் பரவலாகத் தேர்ந்தெடுங்கள், வரப்போரத்தை விட்டுவிடுங்கள். நன்றாக விரிந்த இளம் இலையைப் பறிக்காமல், அதன் நடுப்பகுதியை அட்டைமேல் வைத்துப் பாருங்கள். வெயிலுக்கு முதுகைக் காட்டி உங்கள் நிழல் அட்டைமேல் விழும்படி நின்றுகொள்ளுங்கள். வெயில் நேராக விழுந்தால் எல்லாப் பட்டையும் வெளுப்பாகத்தான் தெரியும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி வெள்ளைப் பொன்னிக்கு எல்லை எண் 3, மற்ற ரகங்களுக்கும் வீரிய ஒட்டு ரகங்களுக்கும் 4. பத்து இலைகளில் ஆறு அல்லது அதற்கு மேல் அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் மேலுரம் போட வேண்டும். அளவு குறுவை போன்ற வறண்ட பருவத்தில் எக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்து, மழைப் பருவத்தில் 30 கிலோ. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து என்பதால் ஏக்கருக்கு முறையே சுமார் 31 கிலோவும் 26 கிலோவும் வரும். ஆறுக்குக் கீழே என்றால் அந்த வாரம் யூரியா வேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். அட்டைகளில் நான்கு பட்டை உள்ளதும் உண்டு, ஆறு பட்டை உள்ளதும் உண்டு. ஒன்றின் எண்ணை மற்றதற்குப் பொருத்தாமல், உங்கள் கையில் இருக்கும் அட்டையோடு வந்த குறிப்பைப் பின்பற்றுங்கள்.

5. ஸ்பேட் மீட்டர்னு ஒண்ணு இருக்காமே, அது அட்டையை விட ஒசத்தியா?

ஜப்பானின் மினோல்டா நிறுவனம் கொண்டுவந்த கையடக்கக் கருவி அது. இலையைக் கவ்விப் பிடித்து, 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பையும் அதன் வழியே செலுத்தி, எவ்வளவு ஊடுருவுகிறது என்று அளக்கும். வெயில், மேகம், பார்ப்பவர் கண் எதுவும் இதில் தலையிடாது என்பது பெரிய வசதி. ஒரு முறைக்கு அது பார்ப்பது 2 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர் இடம் மட்டுமே. அதனால் நடுநரம்பைத் தவிர்த்து, பல இலைகளில் எடுத்துச் சராசரி போட வேண்டும்.

சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகளில் நடவு நெல்லுக்கு 35 என்ற எல்லை எண் வந்தது. அதை எல்லா ரகத்துக்கும் எழுதி ஒட்டிவிட முடியாது. தடித்த இலை உள்ள ரகம் இயல்பிலேயே கூடுதல் எண் காட்டும். ஆராய்ச்சிக்கு ஸ்பேட் அவசியம். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அதற்குப் பணம் போடத் தேவையில்லை, அட்டை போதும்.

6. என்.டி.வி.ஐ. என்.டி.வி.ஐ.ன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்தக் கணக்கு என்ன?

பயிரின் பசுமையைக் காட்டும் ஒரு குறியீடு அது. அகச்சிவப்பு எதிரொளிப்பிலிருந்து சிவப்பு எதிரொளிப்பைக் கழித்து, வருவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது. அகச்சிவப்பு 45, சிவப்பு 5 என்றால், 40-ஐ 50-ஆல் வகுக்க 0.8. காய்ந்த மண்ணில் இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருப்பதால் எண் சிறியதாக, 0.1 அல்லது 0.2 என்று வரும். 1972-இல் அனுப்பப்பட்ட முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் படங்களை வைத்து, அமெரிக்கப் புல்வெளிகள் எப்போது பசுமையாகின்றன என்று பார்ப்பதற்காக டெக்சாஸ் ஆய்வாளர்கள் பயன்படுத்திய கணக்கு இது.

வயலில் நடந்துகொண்டே இதை அளக்கும் கருவிகளும் இருக்கின்றன. ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வில் பிறந்த கிரீன்சீக்கர் அதில் பரவலாகத் தெரிந்தது. அதற்குள்ளேயே விளக்கு இருப்பதால் மேகமூட்டத்திலும் அளக்கலாம். பயிருக்கு மேல் 60 முதல் 120 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து, விசையை அழுத்தியபடி நடந்தால் சராசரியைக் காட்டும். ஸ்பேட் ஒரு இலையைப் பார்க்கிறது, இது மேலிருந்து தெரியும் மொத்தப் பயிரையும் பார்க்கிறது. அதனால் இலை வெளுத்தாலும் எண் இறங்கும், இலை குறைந்தாலும் எண் இறங்கும். எது காரணம் என்று அந்த ஒற்றை எண் பிரித்துச் சொல்லாது.

7. நட்டு இருபது நாள்தான் ஆகுது, வயல்ல தண்ணி நிக்குது. இப்போ அளந்தா சரியா வருமா?

பெரிதாக நம்ப வேண்டாம். அந்த வயதில் கருவி பார்ப்பதில் பாதிக்கு மேல் தண்ணீரும் சேறும்தான். தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும், ஈரச்சேறு வேறு மாதிரி எதிரொளிக்கும். ஒரே பயிரை, தண்ணீர் நிற்கும்போது ஒரு முறையும் வடிந்த பிறகு ஒரு முறையும் அளந்தால் இரண்டு எண் வரும். அசோலா விட்டிருந்தால் இன்னும் மோசம். தண்ணீர்மேல் பரவிக் கிடக்கும் அசோலாவையும் பாசியையும் களையையும் மேலிருந்து பார்க்கும் கருவி உங்கள் நெல்லோடு சேர்த்தே கணக்குப் போட்டுவிடும்.

பயிர் வரிசையை மூடும் வரை அட்டையையோ ஸ்பேடையோ நம்புங்கள், அவை இலையை மட்டும் பார்ப்பவை. தூர்கட்டும் பருவத்தின் பிற்பகுதியிலிருந்து கதிர் உருவாகும் பருவம் வரை மேலிருந்து பார்க்கும் கருவிகளுக்கு நல்ல காலம். கதிர் வெளிவந்த பிறகு கதிரின் நிறமும் சேர்ந்துவிடுவதால் பழைய எல்லை எண்கள் செல்லாது.

8. பக்கத்து வயல்ல 0.75 காட்டுது, எனக்கு 0.65தான். அப்போ நான் யூரியா போடணும்தானே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். 0.65 என்ற என்.டி.வி.ஐ. எண்ணுக்குத் தனியாக எந்த அர்த்தமும் கிடையாது. ரகம் வேறு, நட்ட தேதி வேறு, குத்து இடைவெளி வேறு, மண் வேறு. உங்கள் வயலில், உங்கள் ரகத்துக்கு, இந்தத் தேதியில், தழைச்சத்துக் குறையே இல்லாவிட்டால் எண் எவ்வளவு இருக்கும் என்று தெரிந்தால்தான் 0.65 குறைவா நிறைவா என்று சொல்ல முடியும்.

அதைத் தெரிந்துகொள்ள வயலிலேயே ஒரு சிறு இடத்தில் தழைச்சத்தை நிறைவாகக் கொடுத்துவிட வேண்டும். ஓக்லஹோமாவில் வில்லியம் ரான் என்ற பேராசிரியரும் அவரோடு இருந்தவர்களும் கோதுமை வயல்களில் இதைப் பரப்பினார்கள். மெக்சிகோவின் யாக்கி பள்ளத்தாக்குக் கோதுமை விவசாயிகளிடம் சர்வதேச மக்காச்சோளம், கோதுமை மேம்பாட்டு மையம் இதைக் கொண்டுபோனது. அங்கெல்லாம் வயலின் நீளத்துக்கு ஒரு பட்டையாக விடுவார்கள். நம் நெல் வயலில் அது சரிப்படாது, தண்ணீர் யூரியாவை வயல் முழுக்கக் கொண்டுபோய்விடும். அதனால் தண்ணீர் வடியும் பக்கத்தில் ஒரு சென்ட் அளவுக்குச் சிறு வரப்பு கட்டி ஒரு பாத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மடைப்பக்கம் வைத்தால் அந்த உரம் மற்ற இடத்துக்குப் பாயும். எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்பது சென்ட்டுக்குச் சுமார் 600 கிராம், யூரியாவாக 1.3 கிலோ. அதன் ஒன்றரை மடங்கு, அதாவது 2 கிலோ யூரியாவை, வயலுக்குப் போடும் அதே தவணைகளில் பிரித்துப் போடுங்கள். மற்றச் சத்துக்கள் வயலுக்கும் பாத்திக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். இதைத்தான் நிறைவுப் பாத்தி என்கிறேன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். உங்கள் வயல் 0.65, உங்கள் நிறைவுப் பாத்தி 0.67 என்றால், 97 விழுக்காடு. இன்றைக்கு யூரியா தேவையில்லை. பக்கத்து வயல் 0.75, அவருடைய நிறைவுப் பாத்தி 0.83 என்றால், 90 விழுக்காடு. உரம் போட வேண்டியவர் அவர். எத்தனை விழுக்காட்டுக்குக் கீழே போனால் போட வேண்டும் என்பதற்கு, நெப்ராஸ்காவில் மக்காச்சோளத்தில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த 95 என்ற எண்ணைப் பலர் பின்பற்றுகிறார்கள். நெல்லுக்கு 90-க்கும் 95-க்கும் இடையில் ஒரு எல்லையை வைத்துக்கொண்டு தொடங்கலாம். ஸ்பேட் எண்ணுக்கும் இதே முறைதான்.

கருவியை இரவல் வாங்கலாம், ஆனால் இந்தப் பாத்தியை நீங்கள்தான் கட்ட வேண்டும். பாத்தி இல்லாமல் கருவியோடு வரும் யாரையும் நான் முழுதாக நம்புவதில்லை.

9. நிறைவுப் பாத்தியில புழுவும் நோயும் வராதா?

வரும். தழைச்சத்து கூடின இடத்தை இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் தேடி வரும், குலைநோய்க்கும் அது தோதான இடம். அதனால்தான் ஒரு சென்ட்டுக்கு மேல் வேண்டாம் என்கிறேன். அந்தப் பாத்தியை முதலில் போய்ப் பார்க்கும் இடமாக வைத்துக்கொண்டால் பூச்சி வரவும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

10. பயிர் அடர்ந்த பிறகு 0.85-லயே நிக்குது. யூரியா போட்டாலும் ஏறல, போடலைன்னாலும் இறங்கல. கருவி கெட்டுப்போச்சா?

கெடவில்லை, என்.டி.வி.ஐ. குறியீட்டுக்கு உள்ள வரம்பு அது. தரையின் பரப்பைப் போல மூன்று மடங்கு இலைப்பரப்பு வந்துவிட்டால், சிவப்பு ஒளி ஏற்கெனவே முழுதாக விழுங்கப்பட்டிருக்கும். அதற்கு மேல் பச்சையம் கூடினாலும் விழுங்க மீதி ஒளி இல்லை, எண் நகராது.

இதற்குத்தான் சிவப்பு விளிம்பு என்ற பகுதியைப் பயன்படுத்துகிறார்கள். சிவப்பு முடிந்து அகச்சிவப்பு தொடங்கும் 680 முதல் 750 நானோமீட்டர் வரையிலான இடம் அது. அங்கே பச்சையம் ஒளியைக் கொஞ்சமாகவே உறிஞ்சுவதால் அடர்ந்த பயிரிலும் வித்தியாசம் தெரியும். 6-ஆம் கேள்வியில் சொன்ன அதே கணக்கில் சிவப்புக்குப் பதில் 720 நானோமீட்டர் பக்கம் உள்ள எண்ணைப் போட்டால் போதும். கதிர் உருவாகும் பருவத்தில் மேலுரம் முடிவு செய்ய இதுவே மேல். கருவி வாங்கும்போது சிவப்பு விளிம்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

11. செயற்கைக்கோள் படம் இலவசமாக் கிடைக்குதாமே, அதுவே போதாதா?

கிடைக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் யாருக்கும் இலவசம், ஐந்து நாளுக்கு ஒரு முறை வருகின்றன. முதலாவது 2015-இலும் அடுத்தது 2017-இலும் ஏவப்பட்டவை, சிவப்பு விளிம்பும் அவற்றில் உண்டு. ஆனால் சிவப்பு, அகச்சிவப்புப் படங்களில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். சிவப்பு விளிம்பில் 20 மீட்டருக்கு 20 மீட்டர், ஏறத்தாழ 10 சென்ட். அரை ஏக்கர் வயலுக்கு ஐந்து புள்ளிதான் வரும், அதிலும் பாதி வரப்பையும் பக்கத்து வயலையும் சேர்த்துப் பிடித்திருக்கும்.

இன்னொரு தடை மேகம். சம்பாவுக்கு மேலுரம் போடும் காலமும் வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஒன்று. தேவைப்படும் வாரத்தில் வயல் மேகத்துக்குக் கீழே இருக்கும். ஒரு வட்டாரம் முழுக்க எந்தக் கிராமத்தில் பயிர் பின்தங்கியிருக்கிறது என்று பார்க்க இந்தப் படங்கள் அருமையானவை. வேளாண் துறைக்கும் காப்பீட்டுக்கும் அவை பயன்படும். என் வயலில் நாளைக்கு எத்தனை கிலோ என்று கேட்டால் அவற்றால் சொல்ல முடியாது.

12. ட்ரோன் சகோதரி திட்டத்துல எங்க மகளிர் குழுவுக்கு ட்ரோன் வந்திருக்கு. அதை வெச்சே இதையும் செய்யலாமா?

2023-இல் ஒன்றிய அரசு அனுமதித்த அந்தத் திட்டத்தின் ட்ரோன்கள் உரமும் மருந்தும் தெளிப்பதற்கானவை. அளப்பதற்குத் தனிக் கேமரா வேண்டும். பச்சை, சிவப்பு, சிவப்பு விளிம்பு, அகச்சிவப்பு என்று நான்கு தனி லென்சுகள் உள்ள சிறிய ட்ரோன்கள் வேறு வகை. சாதாரணப் படம் எடுக்கும் ட்ரோனில் அகச்சிவப்பு கிடைக்காது.

அளக்கும் ட்ரோனிலும் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். பறப்பதற்கு முன்னும் பின்னும், எதிரொளிப்பு தெரிந்த ஒரு சாம்பல் நிறப் பலகையைப் படம் எடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இந்த வாரப் படத்தையும் அடுத்த வாரப் படத்தையும் ஒப்பிட முடியாது. வெயில் உச்சியை ஒட்டிய நேரத்தில், மேகம் வந்து வந்து போகாத நாளில் பறக்க வேண்டும். அப்புறம், அந்தப் படத்துக்குள் நிறைவுப் பாத்தியும் இருக்க வேண்டும். அளந்த வரைபடத்தை வைத்துத் தெளிக்கும் ட்ரோன் இடத்துக்கு இடம் அளவை மாற்றித் தெளிக்கும் காலம் வந்தால் உங்கள் குழுவுக்கு இரண்டுமே வேலை தரும்.

13. மணிச்சத்து, சாம்பல்சத்து, துத்தநாகம் இதெல்லாம் காட்டுமா?

தழைச்சத்து அளவுக்கு நம்பிக்கையாகக் காட்டாது. இவற்றில் எதுவும் பச்சையத்தின் அளவோடு நேராகப் பிணைந்ததல்ல. மணிச்சத்து குறைந்த நெல் குட்டையாக, தூர் இல்லாமல், இலை மட்டும் கரும்பச்சையாக நிற்கும். ஸ்பேட் அதற்கு நல்ல எண் கொடுத்துவிடும்! மேலிருந்து பார்க்கும் கருவி, இலைப்பரப்பு குறைவு என்று எண்ணை இறக்கிக் காட்டும். அதைப் பார்த்து யூரியா போட்டால் காசுதான் வீண்.

சாம்பல்சத்துக் குறைவு பழைய இலைகளின் நுனியிலும் ஓரத்திலும் பழுப்பாகத் தொடங்கும், மேலிருந்து பார்க்கும் கருவிக்கு அந்த இலைகள் தெரிவதே இல்லை. துத்தநாகக் குறைவில் நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் இலையில் துரு போன்ற பழுப்புப் புள்ளிகள் வரும். வட இந்தியாவில் கைரா என்று சொல்லப்படும் அந்த நோயை 1960-களில் பந்த்நகரில் நேனே என்ற விஞ்ஞானி துத்தநாகக் குறைவு என்று கண்டறிந்தார். இதற்கெல்லாம் மண் பரிசோதனையும் குனிந்து பார்ப்பதும்தான் வழி.

14. கருவி குறைவுன்னு சொல்லிச்சு, யூரியா போட்டேன், பத்து நாளாச்சு, பச்சை திரும்பல. ஏன்?

2-ஆம் பதிலுக்குத் திரும்பிப் போங்கள். பச்சை குறைந்திருப்பது உண்மை, காரணம் தழைச்சத்து இல்லாமல் இருக்கலாம். வெளுப்பு எந்த இலையில் தொடங்கியது என்று பாருங்கள். தழைச்சத்துக் குறைவில் பயிர் பழைய இலையிலிருந்து சத்தை எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கும், அதனால் அடி இலை முதலில் மஞ்சளாகும். கந்தகமும் இரும்பும் அப்படி எளிதாக இடம் மாறாது, புது இலைதான் வெளுக்கும். இரும்பு என்றால் நரம்பு பச்சையாக இருந்து நரம்பிடை மட்டும் வெளுத்திருக்கும்.

ஆரஞ்சு கலந்த மஞ்சளாக, திட்டுத் திட்டாக, குட்டையாக இருந்தால் துங்ரோ வைரஸாக இருக்கலாம். பச்சைத் தத்துப்பூச்சி பரப்புவது அது. வேரில் காற்றோட்டம் இல்லாமல் கறுத்திருந்தால் தண்ணீரை வடித்துக் காயவிட்டாலே பச்சை திரும்பும். எண் குறைந்த இடத்தில் ஒரு குத்தைப் பிடுங்கி வேரைப் பார்க்காமல் உர மூட்டையைப் பிரிக்காதீர்கள்.

15. ஃபோன்ல இலையை ஃபோட்டோ எடுத்தாச் சொல்ற ஆப் இருக்கே?

ஃபோன் கேமரா அகச்சிவப்பை வடிகட்டி வைத்துத் தடுத்துவிடும், சிவப்பு, பச்சை, நீலம் மட்டும்தான் கிடைக்கும். படம் அழகாக வர வேண்டும் என்று நிறத்தைத் தானே திருத்தவும் செய்யும். அந்தத் திருத்தம் நமக்கு எதிரி. இலையோடு ஒரு நிறப் பட்டையையும் சேர்த்துப் படம் எடுக்கச் சொல்லும் ஆப் என்றால் ஓரளவு நம்பலாம். அப்படி ஒன்றும் கேட்காத ஆப்பை விட உங்கள் கையில் இருக்கும் அட்டை மேல்.

16. நான் முதுநிலை மாணவி. பச்சையத்தைச் சுத்தி வராம, நைட்ரஜனை நேரடியா நிறமாலையில அளக்க முடியாதா?

முடியும், ஆனால் உலர்ந்த இலைப்பொடியில். புரதத்தின் பிணைப்புகள் 1510, 2060, 2180 நானோமீட்டர் பக்கம் ஒளியை உறிஞ்சுகின்றன. அரைத்த மாதிரியில் அதைப் பார்த்து நைட்ரஜன் விழுக்காட்டை நன்றாகக் கணிக்கலாம். பச்சை இலையில் பெரும்பங்கு தண்ணீர். அதே பகுதிகளில் தண்ணீரின் உறிஞ்சல் மிகப் பலமாக இருப்பதால் புரதத்தின் தடம் அதில் புதைந்துபோகிறது. நூற்றுக்கணக்கான அலைநீளங்களை அளக்கும் ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கருவிகளும், இந்தியாவின் ஹைசிஸ், இத்தாலியின் பிரிஸ்மா, ஜெர்மனியின் என்மேப் போன்ற செயற்கைக்கோள்களும் வந்திருப்பதால் இந்தத் துறையில் நிறைய வேலை நடக்கிறது.

விழுக்காடு கிடைத்துவிட்டாலும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கும். பயிர் வளர வளர தண்டும் நாரும் கூடி, நைட்ரஜன் விழுக்காடு இயல்பாகவே இறங்கும். எக்டேருக்கு 1 டன் உலர்எடை உள்ள நெல்லுக்கு 5 விழுக்காடு பக்கம் தேவை என்றால், 4 டன்னில் அதில் பாதியே போதும். கோதுமைக்கு 1990-களில் பிரான்சிலும், பிறகு நெல்லுக்கும் இந்தச் சரிவை வளைகோடாக வரைந்திருக்கிறார்கள். அதனால் விழுக்காட்டை மட்டும் கணிக்காமல், அந்த எடைக்குத் தேவையான அளவோடு ஒப்பிட்ட விகிதத்தைக் கணிக்கும் வேலையாக உங்கள் ஆய்வை அமைத்துக்கொள்ளுங்கள். உர முடிவுக்கு உதவுவது அந்த விகிதம்தான்.

17. என் மாடல் 0.9-க்கு மேல பொருந்துது. இதை விவசாயிக்குக் கொடுக்கலாமா?

மாடலின் கணிப்பு, அளந்த நைட்ரஜனோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் எண் அது, 1 என்றால் முழுப் பொருத்தம். கொடுக்கலாமா என்பது எந்தத் தரவில் சோதித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே பண்ணை, ஒரே ரகம், ஒரே பருவம், அதில் ஐந்து உர அளவுகள் என்றால் எந்தக் குறியீடும் அழகாகப் பொருந்தும். உரமே போடாத பாத்திக்கும் மிக அதிகம் போட்ட பாத்திக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியுமே. எல்லாப் பருவங்களின் தரவையும் கலந்துவிட்டால் பயிரின் வயதையே மாடல் கற்றுக்கொண்டு, நைட்ரஜனைக் கற்றுக்கொண்டது போலக் காட்டும்.

ஒரு முழுப் பருவத்தையோ ஒரு முழு ரகத்தையோ பயிற்சியில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்துச் சோதியுங்கள். குறுவைத் தரவில் கற்றது தாளடியில் நிற்கிறதா பாருங்கள். எண் நிச்சயம் இறங்கும். இறங்கிய அந்த எண்ணைத்தான் ஆய்வேட்டில் முதலில் எழுத வேண்டும்.

18. கோதுமை, மக்காச்சோளத்துக்கும் இதே முறையா?

முறை அதே, எண்கள் வேறு. ஐரோப்பாவில் கோதுமைக்கு யாரா நிறுவனத்தின் என்-சென்சர் 1999 முதல் டிராக்டர் கூரையில் உட்கார்ந்து, போகிற போக்கில் அளந்து உரத்தைக் கூட்டிக் குறைத்துப் போடுகிறது. நூறு ஏக்கர் ஒரே வயலாக இருக்கும் இடத்துக்கு அது பொருந்தும். மக்காச்சோளத்தில் வரிசை இடைவெளி அதிகம் என்பதால் கருவியை வரிசைக்கு நேர் மேலே பிடிக்க வேண்டும். தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் நிறைவுப் பாத்தியைப் பட்டையாகவே விடலாம், தண்ணீர் நிற்காததால் 8-ஆம் பதிலில் சொன்ன வரப்புத் தொல்லை இல்லை.

19. யூரியா மூட்டை 270 ரூபாய்கூட இல்ல. இதுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா?

மூட்டை விலையை மட்டும் பார்த்தால் வேண்டாம் என்றுதான் தோன்றும். உலக அளவில் தானியப் பயிருக்குப் போடும் தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தானியத்துக்குப் போய்ச் சேருகிறது என்று 8-ஆம் பதிலில் சொன்ன ரானும் ஜான்சன் என்பவரும் 1999-இல் கணக்கிட்டார்கள். மீதியில் கணிசமான பகுதி, நெல் வயலில் அம்மோனியாவாகவும் நைட்ரஜன் வாயுவாகவும் மேலே போகிறது, கொஞ்சம் தண்ணீரோடு இறங்குகிறது. அதில் ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு. ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு, நூறு ஆண்டுக் கணக்கில் 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும்.

உங்கள் பைக்கு நேராகப் படும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. கூடுதல் யூரியாவால் வரும் புகையானுக்கு மருந்து, சாய்ந்த வெள்ளைப் பொன்னியை அறுக்கக் கூடுதல் இயந்திர வாடகை, சாய்ந்து நனைந்த நெல்லுக்குக் கிடைக்காத விலை. ஒரு மூட்டை யூரியாவைத் தவிர்ப்பதில் இவையும் சேர்ந்தே மிச்சமாகலாம்.

20. ஒரு கம்பெனி ஏக்கருக்கு இவ்வளவுன்னு வாங்கிட்டு உர வரைபடம் தர்றாங்க. என்ன கேட்டுட்டுச் சேரணும்?

எந்த ரகங்களில், எந்த மாவட்டத்தில் சோதித்தார்கள் என்று கேளுங்கள். சிவப்பு விளிம்பு அளக்கிறார்களா, சாம்பல் பலகை வைத்துப் படம் எடுக்கிறார்களா, நிறைவுப் பாத்தி போடச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். அளந்த நாளிலிருந்து எத்தனை நாளில் வரைபடம் கைக்கு வரும் என்பது முக்கியம். கதிர் உருவாகும் பருவத்தில் பத்து நாள் தாமதித்து வரும் வரைபடத்தால் பயன் இல்லை.

வரைபடத்தில் சத்துக் குறைவு என்று சிவப்பாகக் காட்டும் இடத்துக்கு யாராவது நேரில் வந்து பார்ப்பார்களா என்றும் கேளுங்கள். வர மாட்டோம், படத்திலேயே எல்லாம் தெரியும் என்றால் 14-ஆம் பதிலில் உள்ள காரணங்களில் எது என்று படம் எப்படிச் சொல்லும் என்று கேட்டுப் பாருங்கள். முதல் பருவத்தில் ஒரு வயலுக்கு மட்டும் சேர்ந்து, அதில் பாதியை அவர்கள் சொன்னபடியும் பாதியை அட்டைப்படியும் செய்து, இரண்டையும் தனித்தனியாக அறுத்து எடை போடுங்கள்.